அம்பாசிடரும் தெருமுனை மெக்கானிக்கும்

அம்பாசிடர் கார் ரொம்ப உறுதி என்று சொல்லாதவர் இல்லை. உறுதிதான், ஆனால் பழுதே ஆகாத கார் கிடையாது. கோடையில் ரேடியேட்டர் கொதிக்கும், கார்புரேட்டர் அடைக்கும், ஸ்டீயரிங் பக்கத்து கியர் சிக்கிக்கொள்ளும்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்து, கல்கத்தா அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தயாரிக்க ஆரம்பித்த கார் இது. லைசென்ஸ் ராஜ் காலம் என்பதால், பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் ஆள் நிற்கும்போது டீலர் எதற்காக வாடிக்கையாளரைத் தாங்க வேண்டும்? (எங்கள் பி.காம். பாடத்தில் இதற்கு ஏகபோகம் என்று பெயர்!)

உண்மையான சர்வீஸ் தெருமுனையில்தான் நடந்தது. பல வருஷங்களாக அடிப்படை அமைப்பு மாறாததால், ஒரு வண்டியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குக்கு எல்லா வண்டியும் அத்துப்படி. ஸ்பேர் பார்ட்ஸும் சின்ன ஊர்களில்கூடக் கிடைத்தன. பழுதாகும், சீக்கிரம் சரியாகும். இதைத்தான் நம் ஆட்கள் 'நம்பிக்கையான வண்டி' என்றார்கள் என்று நினைக்கிறேன்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் ஜனங்களின் கணக்கு மாறிவிட்டது. சாவியைத் திருப்பினால் கிளம்பும் வண்டியைப் பார்த்துவிட்டார்களே! 1990-களில் இசுசு இன்ஜின் வைத்துப் பார்த்தும் பழைய இடம் திரும்பவில்லை. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. அதற்கப்புறமும் கல்கத்தா டாக்சிக்காரர்கள் பல வருஷம் அதையே ரிப்பேர் பண்ணி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.