சிலந்தி மனிதன் தரையில் இறங்கிய வரலாறு

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்திலுள்ள எங்கள் மஸ்ஜித் தானா, மண்ணால் எழுப்பப்பட்ட ஒரு பழைய பள்ளிவாசலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிற்றூர். 'தானா' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மண், நிலம், தரை என்ற மூன்று பொருளும் பொருந்தும். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் இதே மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வர்த்தகப் பயிராக நட்டதிலிருந்து தோட்டங்கள் பெருகியதும், தென்னாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் பால் மரம் வெட்டியதும், பின்னர் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்ததும், லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளில் குடியேறியதும் பலரும் எழுதிய சரித்திரம். அந்தத் தாமான் வீடுகளின் முன்னறையில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னே சம்மணமிட்டு அமர்ந்த பேரப்பிள்ளைகள், பிளேஸ்டேஷன் என்னும் யந்திரத்தின் துணையால் ஸ்பைடர்மேன் என்னும் சிலந்தி மனிதனாகி நியூயார்க் நகரத்து மாடங்களுக்கு இடையே ஊசலாடிய கதையை எழுதியவர்கள் குறைவு. தரையின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு அவ்விளையாட்டுகளை நோக்கியதாலோ என்னவோ, அவற்றின் முதற் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒப்பிடும்போதெல்லாம், அந்த வீரனுடைய காலடியில் தரை இருந்ததா என்னும் கேள்வியே என் மனத்தில் முந்தி நிற்கிறது.

பின்வந்த பாகம் முன்வந்ததைவிடத் தாழ்ந்தது என்பது நம்மவரிடையே ஊறிய அபிப்பிராயம். கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்ட இராமகதையின் ஆறு காண்டங்களோடு, ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தரகாண்டத்தை ஒரே தட்டில் வைத்து நிறுப்பவரைக் காண்பது அரிது. கதை என்பது சொல்லி முடிந்ததும் நிறைவு பெற்றுவிடுவதால், அதன்மேல் இன்னொன்றை ஏற்றுகிறவருக்குச் சுமை அதிகம். விளையாட்டோ, கதையைத் தாங்கியிருந்தாலும், அடிப்படையில் ஒரு யந்திரம்; முதன்முறை செய்தவருக்குக் காலமும் கருவியும் போதாமல் விட்டுப்போன குறைகள் அதன் உடம்பிலேயே தங்கியிருக்கும். அந்தக் குறைகளைத் தீர்ப்பதற்கு இரண்டாம் பாகத்தைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் சித்திரக்கதையாகப் படைத்த ஸ்பைடர்மேன், 1982-இல் அட்டாரி யந்திரத்துக்குரிய விளையாட்டானான். பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக அதை ஆக்கியவர் லாரா நிக்கோலிச் என்னும் பெண்மணி. ஒரே ஒரு கட்டடம். அதன் உச்சியில் வெடிகுண்டோடு காத்திருக்கும் பச்சைப் பூதம். கீழேயிருந்து நூலெறிந்து ஏறும் சிறு உருவம். நூல் அறுந்தால் அவன் விழுவான். தரையைத் தொடுமுன் மறுபடி நூலெறிந்து சுவரைப் பற்றிவிட்டால் பிழைப்பான். தரை என்பது மரணம் என்ற அந்த விதி, பிறகு வந்த சில ஸ்பைடர்மேன் விளையாட்டுகளிலும் தொடர்ந்தது.

2000-ஆம் ஆண்டில் நெவர்சாஃப்ட் நிறுவனம், சறுக்குப்பலகை விளையாட்டு ஒன்றுக்காகத் தான் முன்பே அமைத்திருந்த மென்பொருளை அடித்தளமாக வைத்து, பிளேஸ்டேஷனுக்கு முப்பரிமாண ஸ்பைடர்மேனைச் செய்தது. நகரம் முழுவதையும் தெருக்களோடும் வாகனங்களோடும் ஜனங்களோடும் ஒருசேரக் காட்டும் சக்தி அக்காலத்து யந்திரத்துக்கு இல்லை. ஆகையால் அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள்: பகைவர்கள் நகரத்தில் விஷப்புகையைப் பரப்பிவிட்டதாகக் கதையிலேயே ஒரு காரணத்தைப் படைத்து, தெருக்களை மூடுபனிக்குள் மறைத்துவிட்டார்கள். மாடிக்கு மாடி தாவலாம். புகைக்குள் விழுந்தால் உயிர் போயிற்று. யந்திரத்தின் வறுமையைக் கதையின் செல்வமாக மாற்றிய அந்தச் சாமர்த்தியத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். மறு ஆண்டில் விக்கேரியஸ் விஷன்ஸ் நிறுவனம் செய்த இரண்டாம் பாகத்தில், மின்சாரத்தை ஆளும் எலெக்ட்ரோ பகைவனாக வந்தான். சில கட்டங்களில் வீரன் இம்முறை தெருவில் இறங்கி நடந்தான். ஆயினும் அந்தத் தெருவில் செய்வதற்கென்று பெரிதாக எதுவும் வைக்கப்படவில்லை. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை நினைவூட்டிய இறுதிக் காட்சியை, 2001 செப்டம்பர் 11-ஆம் நாளின் துயரத்துக்குப் பிறகு திருத்தியமைக்க நேர்ந்து, வெளியீடும் தள்ளிப்போயிற்று. முன்னதன் புதுமை இல்லாததால், இப்பாகம் ரசிகர் நெஞ்சில் அவ்வளவாகத் தங்கவில்லை.

2002-இல் சாம் ரெய்மியின் திரைப்படம் உலகெங்கும் ஓடியபோது, அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே ட்ரேயார்க் நிறுவனத்தார் ஆக்கிய விளையாட்டும் கடைகளுக்கு வந்துவிட்டது. திரையில் நடித்த டோபி மக்வையரே இதற்கும் குரல் கொடுத்தார். உருவங்கள் அழகாயின, சண்டை விரிந்தது. தரை மட்டும் மறுபடியும் பகையாயிற்று. உயரமான நகரக் கட்டங்களில் தெருவில் விழுந்தவன் மீள்வதில்லை. இன்னொரு குறை, கூர்ந்து நோக்கும் பிள்ளைகளின் கண்ணுக்கு உடனே தட்டுப்பட்டது: வீரன் எறிந்த நூல் எந்தக் கட்டடத்தையும் பற்றவில்லை, வெறும் ஆகாசத்தில் ஒட்டிக்கொண்டது. மரத்தில் கயிறு கட்டி ஊஞ்சலாடிய எந்தப் பிள்ளைக்கும் கிளையில்லாமல் கயிறு நிற்காது என்பது தெரியும். அப்படியொரு பிள்ளை அக்காலத்தில் என்னிடம், "மாமா, இவன் எதைப் புடிச்சித் தொங்குறான்?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை 2004-இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், இரண்டாம் திரைப்படத்தை ஒட்டி அதே ட்ரேயார்க் வெளியிட்ட ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகத்தில், ஜேமி ஃபிரிஸ்ட்ராம் என்பவர் ஊசலாட்டத்தை அடியோடு புதிதாக வகுத்திருந்தார். நூல் எறியப்படும் கணத்தில், சுற்றிலுமுள்ள மெய்யான சுவர்களிலும் விளிம்புகளிலும் பற்றத்தக்க புள்ளி எதுவென்று விளையாட்டு தேடும். கிடைத்த புள்ளியில் நூல் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து வீரனுடைய உடம்பு, பள்ளிப் பாடத்தில் படிக்கும் ஊசற்குண்டைப் போல, தன் கனத்தாலும் வேகத்தாலும் வளைந்து செல்லும். வளைவின் அடியில் வேகம் மிகும். ஏறுமுகத்தில் நூலை விட்டால் மேலே வீசப்படுவான். காலம் தவறி விட்டால் எதிர்ச்சுவரில் மோதுவான். இத்தனையும் ஆடுபவர் கையின் பழக்கத்தைப் பொறுத்தது. எனவே முதல் நாள் தட்டுத்தடுமாறியவன், ஒரு வாரத்தில் தெரு முனைகளைச் சுற்றித் திரும்பவும், இரு கைகளாலும் மாறி மாறி நூலெறியவும் கற்றுக்கொண்டான். வித்தை கைவரும் ஆனந்தத்தை அந்த விளையாட்டு பிள்ளைகளுக்கு நேர்மையாகக் கொடுத்தது.

நூலுக்குக் கட்டடம் தேவை என்று ஆனவுடனே, நகரத்துக்கும் ஒரு தர்மம் ஏற்பட்டுவிட்டது. மன்ஹாட்டன் தீவு முழுவதும் இடைநிறுத்தமின்றித் திறந்து வைக்கப்பட்டிருந்தது. வானளாவிய மாடங்கள் நெருங்கிய பகுதியில் பறவையைப் போல் விரைந்தவன், மாடிகள் தாழ்ந்த பகுதியில் தாழ்ந்தே ஊசலாட வேண்டும். சென்ட்ரல் பார்க் பூங்காவுக்குள் வந்துவிட்டால் மரக்கிளைகளைத் தவிர வேறு பற்றுக்கோடு கிடையாது. தெருவிலே இறங்கினால் சாவு இல்லை. அங்கே மனிதர்கள் நடந்தார்கள், பணப்பையைப் பறிகொடுத்தவர்கள் கூவினார்கள், கைநழுவிய பலூனுக்காகக் குழந்தைகள் அழுதார்கள், பீட்சா கொண்டுசேர்க்கும் வேலை கூலிக்காகக் காத்திருந்தது. உலகத்தைக் காக்கும் வீரனே வயிற்றுப்பாட்டுக்காக நேரம் தவறாமல் உணவு சுமந்து ஓடும் அந்தக் காட்சியை, வெளிக்காட்டு வேலையும் பகுதிநேர வேலையும் பார்த்துப் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகள் எவ்வளவு நெருக்கமாக உணர்ந்திருப்பார்கள் என்று எண்ணி நான் நெகிழ்ந்ததுண்டு. முதற் பாகத்தில் வெறும் பள்ளமாயிருந்த தரை, இங்கே அவன் காக்க வேண்டிய இடமாயிற்று.

குறைகள் இல்லாமலில்லை. அதே திருட்டும் அதே கூக்குரலும் நூறு முறை திரும்பி வந்தன. குறித்த அளவு புண்ணியப் புள்ளிகளைச் சேர்த்தாலன்றிக் கதை நகர மறுத்தது. கதை சொல்லும் கட்டுக்கோப்பில் 2002-இன் விளையாட்டே செறிவானது என்று சொல்பவரோடு நான் வழக்காட மாட்டேன். இதே பெயரோடு கணினிக்கென வெளிவந்த பதிப்பு முற்றிலும் வேறு. சிறுவர்களுக்கென எளிமையாக்கப்பட்டு, நூல் ஒட்டுவதற்கு ஆகாயத்தில் குறியிட்ட இடங்களை மட்டுமே கொடுத்த அப்பதிப்பில், மேற்சொன்ன ஊசல் வித்தை அறவே கிடையாது. கணினியில் மட்டும் ஆடியவர்கள் இந்த இரண்டாம் பாகத்தை ஏன் பிறர் இவ்வளவு புகழ்கிறார்கள் என்று வியந்ததற்குக் காரணம் அதுதான்.

பிற்காலத்துச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2018-இல் இன்சோம்னியாக் நிறுவனம் புதிதாகத் தொடங்கிய ஸ்பைடர்மேன், 2004-இன் கட்டடம் பற்றும் நூலையே பின்பற்றி, அதை ஓவியம்போல் மெருகேற்றியது. ஆனால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வீரனுக்கு ஒரு கீறலும் விழாதபடி செய்துவிட்டது. 2023 அக்டோபரில் வந்த அதன் இரண்டாம் பாகம் 24 மணி நேரத்தில் 25 லட்சம் பிரதிகள் விற்றது. முன்னைய நாயகன் பீட்டர் பார்க்கரோடு மைல்ஸ் மொராலஸ் என்னும் இளையவனும் நாயகனானான். ஆற்றுக்கு அப்பால் புரூக்ளினும் குவீன்ஸும் சேர்ந்தன. மாடங்கள் இல்லாத நீர்ப்பரப்பைக் கடக்க இருவருக்கும் சிறகும் முளைத்தது. விஸ்தாரத்தில் இது முன்னதை வென்றது உண்மை. என்றாலும் 2002-க்கும் 2004-க்கும் இடையே நிகழ்ந்த தாவலைப் போன்ற ஒன்றை இதிலே நான் காணவில்லை. நன்றாய் இருந்த வீட்டுக்கு இரண்டு அறைகள் கூட்டிக் கட்டியதைப் போன்றது இது.

ஒரு சிறு விஷயத்துக்காக மட்டும் இந்தப் பாகத்தை நான் தனியே நேசிக்கிறேன். அதன் அமைப்புப் பட்டியலில், நூலைத் திருப்பும்போது கிடைக்கும் உதவியைக் குறைத்துக்கொள்ளவும், உயரத்திலிருந்து விழுந்தால் காயம்படும்படி வைத்துக்கொள்ளவும் ஆடுபவருக்கு விருப்பம் விடப்பட்டிருக்கிறது. இருபதாண்டுகளுக்கு முன் என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளை இன்று இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். சென்ற விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் மகன் அந்தப் பட்டியலைத் திறந்து, காயம்படும் விதியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு, மாடியின் விளிம்பிலிருந்து குதித்தான்.