இந்தியக் கல்லூரி மாணவரிடையே செல்பேசி வங்கிச் சேவை

செல்பேசி வங்கிச் சேவை என்பது கணக்கின் இருப்பை அறிதல், பணம் அனுப்புதல், கட்டணம் செலுத்துதல் முதலிய வங்கிப் பணிகளைச் செல்பேசி வழியாக மேற்கொள்ள உதவும் சேவை ஆகும். இந்தியக் கல்லூரி மாணவர்கள் இதனைப் பெரும்பாலும் யூ.பி.ஐ. எனப்படும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற இடைமுகத்தின் ஊடாகப் பயன்படுத்துகின்றனர். மாணவர் பலருக்குத் தாமே இயக்கும் முதல் வங்கிக் கணக்கும் முதல் திறன்பேசியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிடைக்கின்றன. இதனால் வங்கிக் கிளைக்குச் சென்று பழகும் முன்னரே அவர்கள் திரையில் வங்கியைக் கையாளப் பழகிவிடுகின்றனர். கணக்குக்குரிய சட்டப் பொறுப்பும் அப்போதே அவர்களைச் சேர்கிறது.

வரலாறு

முற்காலத்தில் விடுதி மாணவருக்கு வீட்டிலிருந்து அஞ்சலகப் பணவிடை மூலம் பணம் வந்தது. அதற்கு 20 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கல்லூரிக் கட்டணம் பல இடங்களில் வங்கி வரைவோலையாகப் பெறப்பட்டது. பின்னர் ஏ.டி.எம். பரவியபோது, சொந்த ஊர்க் கிளையில் பெற்றோர் செலுத்திய பணத்தைக் கல்லூரி இருக்கும் ஊரில் எடுக்க முடிந்தது. அதன் பின் நிகழ்ந்த முக்கிய மாற்றங்கள் வருமாறு:

- 2008 அக்டோபர்: செல்பேசி வங்கிச் சேவைக்கான நெறிமுறைகளை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்டது. ஒரு நாளில் பணம் அனுப்ப 5,000 ரூபாயும், பொருள் வாங்க 10,000 ரூபாயும் உச்ச வரம்புகளாக இருந்தன. இவ்வரம்புகள் பின்னர் தளர்த்தப்பட்டன.
- 2010 நவம்பர்: எந்நேரமும் உடனடியாகப் பணம் அனுப்பும் ஐ.எம்.பி.எஸ். முறை தொடங்கியது.
- 2016 ஏப்ரல்: இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யூ.பி.ஐ. முறையை அறிமுகப்படுத்தியது.
- 2016 நவம்பர் 8: 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. டிசம்பர் 30 அன்று பீம் செயலி வெளியிடப்பட்டது.
- 2025 ஆகஸ்டு: ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட யூ.பி.ஐ. பரிமாற்றங்கள் நிகழ்ந்தன.

செயற்படும் முறை

செயலியைப் பதிவு செய்யும்போது பயனரின் சிம் அட்டையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பப்படுகிறது. அந்த எண்ணும் வங்கியில் பதிவான எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே கணக்கு இணைக்கப்படும். பின்னர் பற்று அட்டை அல்லது ஆதார் மூலம் 4 அல்லது 6 இலக்க இரகசிய எண் அமைக்கப்படுகிறது.

பள்ளிப் பருவத்தில் தொடங்கிய கணக்குகளில் தந்தை அல்லது தாயின் செல்பேசி எண் பதிவாகியிருப்பது உண்டு. அத்தகைய மாணவர் வங்கியில் தம் எண்ணைப் பதிவு செய்த பிறகே இச்சேவையைப் பெற இயலும். இணைய இணைப்பு இல்லாத சாதாரணச் செல்பேசியில் *99# என்னும் குறியீட்டைப் பயன்படுத்தலாம்.

மாணவர் பயன்பாடு

மாணவரின் பரிமாற்றங்களில் பெரும்பாலானவை சிறு தொகைகள். தேநீர், ஒளிநகல், உணவக விலைப்பட்டியலை நண்பர்களிடையே பங்கிடுதல் ஆகியவற்றில் சில்லறைத் தட்டுப்பாடு நீங்கியது ஒரு முக்கியப் பயன் ஆகும். இச்சிறு செலவுகளுக்காக 2022 செப்டம்பரில் யூ.பி.ஐ. லைட் அறிமுகமானது. இதில் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட தொகையை இரகசிய எண் இன்றிச் செலுத்தலாம்.

கல்விக் கட்டணத்துக்கான யூ.பி.ஐ. வரம்பை 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்துவதாக 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2024இல் அறிமுகமான யூ.பி.ஐ. சர்க்கிள் வசதியின்படி, பெற்றோர் தம் கணக்கிலிருந்து ஒரு வரம்பு வரை செலவிட மகன் அல்லது மகளுக்கு அனுமதி அளிக்கலாம்.

அரசு உதவித்தொகையும் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் இவ்வாறு வழங்கப்பட்டது. எனவே கணக்கு முடங்கினால் அன்றாடச் செலவோடு உதவித்தொகையும் தடைப்படும்.

சிக்கல்கள்

தோல்வியுறும் பரிமாற்றம்

கணக்கில் பணம் கழிந்தும் பெறுநருக்குச் சேராமற் போவது உண்டு. கையில் சில நூறு ரூபாயே உள்ள மாணவருக்கு இது அன்றைய உணவைப் பாதிக்கக்கூடும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிடின் மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்திய பணம் உறுதியாகாவிடின் ஐந்து நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பணக் கோரிக்கை மோசடி

பணம் தருவதாகக் கூறி, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்புவது பரவலான ஏமாற்று முறையாக இருந்தது. தனிநபர்களிடையேயான இக்கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் வருவதாகச் சொல்லி ஒருவர் அதனை இடச் சொன்னால், உண்மையில் பணம் வெளியேறுகிறது என்பதே பொருள்.

வாடகைக் கணக்குகள்

மியூல் கணக்கு என அழைக்கப்படும் இது மாணவர் எதிர்கொள்ளும் கடுமையான இடர் ஆகும். பகுதி நேர வேலை, தரகு எனக் கூறி, மாணவரின் கணக்கு, பற்று அட்டை, சிம் அட்டை ஆகியவற்றை மோசடிக் குழுக்கள் பெறுகின்றன. பிறரிடம் பறித்த பணம் அக்கணக்கில் வந்து, உடனே வேறு கணக்குகளுக்குச் செல்கிறது. காவல்துறை பணத்தின் வழியைத் தொடரும்போது முதலில் கிடைப்பது கணக்கு உரிமையாளரின் பெயரே. கணக்கு முடக்கப்படுவதோடு, அவர் விசாரணைக்கும் கைதுக்கும் உள்ளாகலாம். நண்பருக்கு உதவியாகக் கொடுத்ததாகக் கூறினாலும், பரிமாற்றங்கள் அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கும்.

இழப்பு நேர்ந்தால்

வங்கிக்கும், நிதி மோசடிக்கான 1930 என்னும் உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறும் முன் தடுத்து வைக்க வாய்ப்பு உள்ளது. வங்கியின் பிழையும் வாடிக்கையாளரின் பிழையும் இன்றி நிகழ்ந்த முறைகேட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்தது. இரகசிய எண்ணைப் பிறரிடம் பகிர்ந்ததால் ஏற்பட்ட இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் எனவும் அது கூறியது.

இவற்றையும் பார்க்க

- ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற இடைமுகம்
- இந்திய ரிசர்வ் வங்கி
- பணவிடை