நோர்வே நாட்டின் மரக்கோயில்கள்

கல்லாற் கட்டியவை நிலைக்கும், மரத்தாற் கட்டியவை விரைவில் மடியும் என்பது பொதுவான எண்ணம். நோர்வே நாட்டின் மலைச்சாரல்களிலும் நுழைகழிகளின் ஓரத்திலும் காணப்படும் சிற்றூர்க் கிறித்தவக் கோயில்கள் சில இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றன. கி. பி. 1130 அளவில் எழுந்த ஊர்னெஸ் கோயில் இன்றும் நிற்கின்றது. இத்தகைய கோயில்கள் ஒருகால் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தன என மதிப்பர். இன்று எஞ்சியவை 28 மட்டுமே. மழையும் பனியும் வெல்லாத இவற்றை வென்றது யாது என்பது ஆராயத்தக்கது.

கிறித்தவம் அந்நாட்டில் வேரூன்றிய 11ஆம் நூற்றாண்டிலே தச்சர் தூண்களை நேரே நிலத்திற் புதைத்தனர். அவை அடியில் உளுத்து வீழ்ந்தன. பட்டறிந்த பின்னோர், கல்லடுக்கின்மீது பெருவிட்டங்களைக் கிடத்தி, அவற்றின்மேலே தூண்களை நிறுத்தினர். மரம் மண்ணைத் தீண்டாமையே இவற்றின் நெடுவாழ்வுக்கு முதற் காரணம். பைன் மரத்திலிருந்து காய்ச்சி எடுத்த கீலை மீண்டும் மீண்டும் பூசி வந்தமை மற்றொன்று. ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்திறங்கும் கூரைகள் பனியை வழுக்கி வீழ்த்தின.

ஊர்னெஸ் கோயிலின் வடபுறச் சுவரிலே, அதற்கு முன்னிருந்த கோயிலின் செதுக்குப் பலகைகள் பொருத்தப்பட்டுள்ளன. நாற்கால் விலங்கொன்று பாம்பைக் கடிக்க, கொடிபோல் மெலிந்த உடல்கள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னுகின்றன. புதிய சமயத்தின் கோயிலிலே பழைய மரபின் கைவண்ணத்தைக் கண்டு வியப்போர் பலர். சமயம் மாறினும் தச்சனது உளி மாறவில்லை என்பதை நினைப்பின் அதில் வியப்பில்லை.

1537இல் நிகழ்ந்த சமயச் சீர்திருத்தத்தின் பின், வழிபாட்டிலே பிரசங்கம் முதலிடம் பெற்றது. இருக்கைகளும் பிரசங்க மேடைகளும் புகுந்தன. இருண்ட சுவர்களிற் சாளரங்கள் திறக்கப்பட்டன. பல கோயில்கள் இடம் போதாமையால் அக்காலத்திலேயே மறைந்தன. எனினும் பேரிடி 19ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. 1801இல் ஏறக்குறைய 9 இலட்சமாயிருந்த மக்கட்டொகை 1855இல் 15 இலட்சத்தை எட்டியது. 1851ஆம் ஆண்டுச் சட்டம், ஊர்க்கோயில் ஒவ்வொன்றும் அவ்வூர் மக்களுட் பத்தில் மூவருக்கேனும் இடங்கொடுத்தல் வேண்டும் என விதித்தது. சட்டத்தின் நோக்கம் குற்றமுடையதன்று. வழிபட வருவோர் வெளியே நிற்றலை யார் விரும்புவர்? ஆயினும் அந்த அளவுகோலுக்குப் பழைய கோயில்கள் பல இரையாயின.

இவ்வழிவை முன்னரே உணர்ந்தவர் ஓவியர் யோஹான் கிறிஸ்தியான் தால். வாங் என்னும் ஊரின் கோயில் இடிபடவிருந்தபோது, 1841இல் அவரே அதனை விலைக்கு வாங்கினார். நோர்வேயில் அதற்கு இடங் கிட்டவில்லை. பிரஷ்ய மன்னரின் உதவியால் அது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டுச் சிலேசிய மலைநாட்டுக்குச் சென்றது. இன்று போலந்து நாட்டிலுள்ளது. தம் நாட்டுச் செல்வத்தைப் பிறநாட்டுக்கு அனுப்பியே காக்க நேர்ந்தமை அவருக்கு எத்துணை வேதனை அளித்திருக்கும்! 1844இல் நோர்வேயிலேயே தொல்பொருட் பாதுகாப்புச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அதனைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர்.

1180 அளவில் எழுந்த பொர்குண்ட் கோயிலின் ஊரார் வேறு வழி கண்டனர். 1868இல் புதிய கோயிலை அருகே கட்டிக்கொண்டு, பழையதை இடியாது விட்டனர். 1877இல் மேற்கூறிய சங்கம் அதனை வாங்கியது. கூரை முகட்டிலே நாகத்தலைகள் வாய்பிளந்து நோக்கும் அப்பழைய கோயிலும், அதனருகே புதியதும் இன்றும் நிற்கின்றன.