சிறு பாதையும் சிறு இயந்திரமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண்ணும் வாழைத் தோட்டமும் நிறைந்த ஊர். அரசகேசரியின் பெயரைத் தாங்கிய பிள்ளையார் கோயிலாலும் சங்கர பண்டிதரின் புலமையாலும் அறியப்பட்ட ஊர். ஆயினும் புகையிரதம் இவ்வூருக்கு ஒருநாளும் வந்ததில்லை. குடாநாட்டின் இருப்புப்பாதை, நீர்வேலியை மேற்கே ஒதுங்கிக் கடந்து, கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் வழியே காங்கேசன்துறையைச் சென்று சேர்ந்தது. நீர்வேலியார் கோச்சி ஏற வேண்டுமாயின் மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ அவ்வூர்களில் ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது.

அந்தப் பாதை எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்பது பற்றி ஒரு காலத்தில் வாதம் நிகழ்ந்தது. 1890களிலே வடக்குக்குப் புகையிரதம் வேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்றபோது, செலவைக் குறைப்பதற்காக ஒடுங்கிய பாதை போட்டால் என்ன என்ற யோசனையும் எழுந்தது. இலங்கையில் அதுவரை போடப்பட்டது ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதை. ஒடுங்கிய பாதைக்கோ இரண்டரை அடியே போதும். மண் குறைவாக வெட்டலாம். மெல்லிய தண்டவாளம் போடலாம். வளைவுகளை இறுக்கமாக வளைக்கலாம். இயந்திரமும் சிறிதாக இருக்கலாம். ஆனால் இரண்டு அகலங்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு மூடையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றவேண்டும். யாழ்ப்பாணத்துப் புகையிலைச் சிப்பங்கள் கொழும்புக்குப் போகும் வழியில் அவ்வாறு புரட்டப்பட்டிருந்தால் வியாபாரிகள் எவ்வளவு நொந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. முடிவில் அகலப் பாதையே வென்றது. 1899இல் அனுமதி கிடைத்தது. 1902 மார்ச் 11ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. 1905 ஆகஸ்ட் 1ஆம் நாள் கொழும்புவரை பாதை முழுமை பெற்றது.

வடக்கு வேண்டாமென்று விட்ட ஒடுங்கிய பாதை தெற்கே சென்றது. களனிப் பள்ளத்தாக்கின் தேயிலையையும் இறப்பரையும் ஏற்றிவர, கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு இரண்டரை அடிப் பாதை 1902இல் திறக்கப்பட்டது. பின்னர் இரத்தினபுரிக்கும், 1919இல் ஒப்பநாயக்கவுக்கும் நீண்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஏறிய மலைப்பாதையும் அதே அகலமே. அவற்றில் ஓடிய இயந்திரங்கள் அகலப் பாதையின் பெரிய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றால் யானைக்கு அருகில் கன்று நிற்பதுபோல் தோன்றும்.

இத்தகைய சிறிய இயந்திரத்தை மேலும் சிறிதாக்கி, மேசைமேல் ஓடும்படி தம் கையாலேயே செய்துகொள்வோர் உலகில் பலர் உளர். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் வரலாறு வேறு கூறுகிறது. உலகின் முதற் புகையிரத இயந்திரம் 1804இல் வேல்ஸ் நாட்டில் றிச்சர்ட் திரெவித்திக் ஓட்டியது என்பர். அதற்கு இருபது ஆண்டு முன்னரே, 1784இல், கோர்ண்வால் பகுதியில் வில்லியம் மர்டொக் என்பவர் மூன்று சக்கரங்களில் தானே ஓடும் ஒரு சிறு நீராவி வண்டியைச் செய்துவிட்டார். தண்டவாளமில்லாத வெறுந்தரையில் ஓடிய மாதிரி அது. சாராய விளக்கொன்று அதன் நீரைக் கொதிக்கவைத்தது. இரவில் தெருவில் ஓடவிட்ட அதனைக் கண்டு ஊர்ப் பாதிரியார் பேயென்று அஞ்சினார் என்று ஒரு கதையும் உண்டு. திரெவித்திக்கும் முதலில் மாதிரிகளையே செய்து பார்த்தார். ஆக, மாதிரி பிறந்த பின்னரே இயந்திரம் பிறந்தது.

1891இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் விளையாட்டுப் பாதைகளுக்கு ஒழுங்கான அகலங்களை வகுத்தது. பின்னாளில் அவற்றோடு 32 மில்லிமீற்றரும் சேர்ந்தது. பின்னர் அதில் ஏறக்குறையப் பாதி, 16.5 மில்லிமீற்றர், பரவியது. மெய்யான வண்டியின் 87இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் மாதிரிகள் அதில் ஓடின. ஆனால் தொழிற்சாலைகள் செய்தவை யாவும் ஐரோப்பா, அமெரிக்காவின் பெரும்பாதை வண்டிகளே. ஒடுங்கிய பாதையை விரும்பியவனுக்குக் கடையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

1940களின் இறுதியில் எடின்பரோ நகரைச் சேர்ந்த பி. டி. ஹான்கொக் என்பவர் இக்குறையைத் தம் கையால் தீர்க்க முற்பட்டார். ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற அளவில், 9 மில்லிமீற்றர் அகலத்தில், எங்கும் இல்லாத ஒரு கற்பனைக் குறும்பாதையை அவர் அமைத்தார். 1960களின் தொடக்கத்தில் நூரம்பேர்க் நகரத்து ஆர்னோல்ட் நிறுவனம், மெய்யளவில் 160இல் ஒரு பங்கான மிகச் சிறு பெரும்பாதை வண்டிகளை 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓடவிட்டபோது, எதிர்பாராத ஒரு வாய்ப்புத் திறந்தது. அந்த வண்டியின் சக்கரங்களையும் மோட்டரையும் எடுத்து, அவற்றின்மேல் 87இல் ஒரு பங்கான பெரிய உடலைப் பொருத்தினால், அதுவே ஒடுங்கிய பாதை இயந்திரம் ஆகிவிடும்! 1963இல் மியூனிக் நகரத்து எக்கர்பான் என்ற சிறு நிறுவனம் இவ்வகை வண்டிகளைச் செய்து விற்றது. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே அது நின்றுவிட்டது. தகட்டையும் அரத்தையும் கையிலெடுத்தவர்கள் நிற்கவில்லை.

களனிப் பாதைக்கு இவ்வளவு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. 762 மில்லிமீற்றரை 87ஆல் வகுத்தால் 8.76 வரும். 9 மில்லிமீற்றர்த் தண்டவாளத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கால் மில்லிமீற்றரே.

செய்யும் முறை யாழ்ப்பாணத்துப் பொற்கொல்லர் எவருக்கும் வியப்பைத் தராது. மெல்லிய பித்தளைத் தகடு, தலைமயிர் போன்ற வாள், சிற்றரம், கோடிழுக்கும் ஊசி, பற்றாசு ஆகியவையே கருவியும் பொருளும். முதலில் இயந்திரத்தின் வரைபடத்தையோ, அளவறிந்த ஒரு பொருள் அருகே தெரியும் புகைப்படத்தையோ தேடவேண்டும். பின்னர் இருபுறச் சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, ஒரே தகடுபோல் வெட்டி, அச்சுத் துளைகளை ஒருங்கே இடவேண்டும். தனித்தனியே துளையிட்டால் அச்சுகள் கோணலாகும். சக்கரங்களை இணைக்கும் தண்டின் துளைகளும் அதே அளவிலிருந்தே எடுக்கப்படவேண்டும். ஒரு பக்கத்துச் சக்கரத்தின் முளை மறுபக்கத்து முளைக்குக் கால் சுற்று முன்னதாக நிற்கவேண்டும்; எல்லா அச்சிலும் அவ்வாறே நிற்கவேண்டும். இதில் மயிரிழை பிசகினாலும் இயந்திரம் நொண்டும். அழகாக வண்ணம் பூசிய எத்தனையோ இயந்திரங்கள் இவ்வொரு பிழையால் அலமாரியிலேயே நின்றுவிட்டன.

உடலின் தகடுகளில் தெரியும் தறையாணித் தலைகளை ஆணியால் செய்வதில்லை. ஓர் அங்குலத் தலை இவ்வளவில் 0.3 மில்லிமீற்றருக்கும் குறையும். தகட்டைப் புரட்டி வைத்து, மழுங்கிய ஊசியால் பின்புறமிருந்து ஒவ்வொன்றாக மெல்லக் குத்தி எழுப்புவர். ஒன்று வரிசை தவறினால் தகடு முழுவதும் வீண். பற்றவைப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. புதிய துண்டை ஒட்டச் சூடாக்கும்போது முன்னர் ஒட்டிய துண்டு கழன்றுவிடும். ஆதலால் உயர்ந்த சூட்டில் உருகும் பற்றாசை முதலிலும், தாழ்ந்த சூட்டில் உருகுவதைப் பின்னரும் பயன்படுத்துவர். முன்னர் ஒட்டிய இடத்தை ஈரப் பஞ்சால் குளிரவைப்பதும் உண்டு.

எல்லாம் முடிந்தபின் எடை ஒரு சோதனை வைக்கும். நீளம் 87இல் ஒரு பங்காகக் குறைந்தால் எடை 87இன் மும்மடிப் பெருக்கமாகக் குறையும், அது 6,58,503. 20 தொன் இயந்திரமொன்று இக்கணக்கில் 30 கிராம் ஆகிவிடும். அவ்வெடைக்குச் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றாது, வெறுமனே சுழலும். ஆதலால் கொதிகலம்போல் தோன்றும் குழாய்க்குள் ஈயத்தை நிறைப்பர். மெய்யான இயந்திரத்தில் நீரும் நெருப்பும் இருந்த இடத்தில் ஈயம் இருக்கும். சக்கரத்தைச் சுழற்றுவது தண்டவாளத்தின் வழியே வரும் 12 வோல்ற் மின்சாரம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்கலாம். இராகலைப் பாதை 1940களிலேயே மூடப்பட்டது. களனிப் பாதையில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1970களில் கைவிடப்பட்டது. எஞ்சியது 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இலங்கையில் இரண்டரை அடிப் பாதையில் பயணிகளை ஏற்றி ஓடும் வண்டி இன்று இல்லை. அந்த இயந்திரம் வளைவில் எவ்வாறு திரும்பிற்று, பக்கத்து நீர்த்தொட்டி எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பவற்றை அளவோடு காட்ட வல்லவை, எஞ்சிய சில பழைய இயந்திரங்களும் கையால் செய்த மாதிரிகளுமே.

வென்ற அகலப் பாதைக்கும் வடக்கில் ஒரு காலம் வந்தது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சிலிப்பர்க் கட்டைகள் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. 2014 அக்டோபர் 13ஆம் நாள் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, 24 ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்விடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக் கோச்சி என்பது பாட்டனார் சொன்ன கதையாகவே இருந்தது. அவ்வாண்டுகளில் உள்ளங்கையளவு இயந்திரமொன்று ஒரு பள்ளிக்கூட மேசைமேல் ஓடியிருக்குமாயின், பாட்டனார் சொன்னது இதுதான் என்று அப்பிள்ளைகள் கண்டுகொண்டிருப்பார்கள்.

ஹான்கொக் இல்லாத பாதையொன்றைக் கட்டினார். யாழ்ப்பாணத்துக்கும் அவ்வாறு ஒன்று கட்டலாம். அதற்கு ஆதாரமும் உண்டு. 1890களில் எழுந்து கைவிடப்பட்ட யோசனை வென்று, அதன் கிளையொன்று பருத்தித்துறைத் தெருவோரமாக ஒடுங்கிய பாதையாய்ச் சென்றிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்று ஒருவர் பலகையில் அமைத்துப் பார்க்கலாம். இவ்வளவில் ஒரு மைலுக்கு பதினெட்டரை மீற்றர் நீளம் வேண்டும்; எந்த வீட்டிலும் அதற்கு இடமிராது. ஆறடிப் பலகையிலோ மெய்யான பாதையின் 159 மீற்றர் அடங்கும். ஒரு மேடை, ஒரு நீர்த்தொட்டி, வாழைக்குலை ஏற்றும் ஒரு பக்கப் பாதை, நீர்வேலி என்று எழுதிய ஒரு பெயர்ப்பலகை ஆகியவற்றை வைக்க அது போதும்.