ஒப்பொலிச் சொற்பட்டியல்: ஆங்கிலப் பயிற்சி வரலாற்றில் ஒரு கருவியின் இடமாற்றம்

ஆங்கிலத்தில் இரவைக் குறிக்கும் சொல்லும் குதிரைவீரனைக் குறிக்கும் சொல்லும் இன்று 'நைட்' என்னும் ஒரே ஒலியின. எழுத்தில் மட்டும் வேறுபடும் இத்தகையவை ஒப்பொலிச் சொற்கள் எனப்படும். வங்கிக்கும் ஆற்றங்கரைக்கும் வழங்கும் 'பேங்க்' ஒலியாலும் எழுத்தாலும் ஒன்றே. இது ஒப்புருச் சொல். (ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ஒலிப்படியே எழுதுவதால் ஈண்டுப் பொருள் சுட்டியே சொற்களைப் பிரித்துக்காட்ட வேண்டியுள்ளது. மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்த இடர்ப்பாடு இது.) ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி நூல்களில் இச்சொற்களை இணையிணையாக அடுக்கிய பட்டியல் பரவலாகக் காணப்படுகிறது. அப்பட்டியல் முதலில் யாருக்காக இயற்றப்பட்டது என்று வினவினால், அதன் இன்றைய பயன் பற்றிய ஐயமும் உடன் எழுகிறது.

ஒப்பொலிச் சொற்கள் மிகுந்தமைக்குக் காரணம், எழுத்துமுறை ஒருவாறு நிலைபெற்ற பின்னரும் ஒலி மாறிக்கொண்டே வந்தமையாகும். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபோது, வீரனைக் குறிக்கும் சொல்லின் முதலிலுள்ள ககர ஒலி பேச்சில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில்தான் அது தேயத் தொடங்கியது. இறைச்சியையும் சந்தித்தலையும் குறிக்கும் 'மீட்' என்ற இரு சொற்களும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலர் பேச்சில் வெவ்வேறு உயிரொலி பெற்றிருந்தன. உயிரொலிப் பெருமாற்றத்தின் பிற்கட்டத்தில் அவை ஒன்றாயின. எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து நின்றது. ரகர றகர வேறுபாடு பெரும்பான்மைத் தமிழ்ப் பேச்சில் மறைந்த பின்னும் 'அரம்', 'அறம்' என எழுத்தில் நிற்பதோடு இதனை ஒப்பிடலாம். தமிழ்ப் பள்ளிகளின் மயங்கொலிப் பயிற்சியும் இவ்வாறு பிறந்ததே.

இந்நிலையில்தான் பட்டியல் தோன்றுகிறது. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1643இல், சதக் பகுதிப் பள்ளியாசிரியர் ரிச்சர்டு ஹாஜஸ் பிழையற எழுதுதற்குத் துணையாக ஒரு சிறுநூலை வெளியிட்டார். ஒலியால் ஒத்து, பொருளாலும் எழுத்தாலும் வேறுபடும் சொற்கள் ஒரு வகை. ஒலியால் மிக நெருங்கி, ஒன்று மற்றொன்றாக மயங்கக்கூடிய சொற்கள் மறுவகை. நூலின் தலைப்பிலேயே இவ்விரண்டையும் அவர் பிரித்துக் கூறியுள்ளமை கருதத்தக்கது. தாமஸ் டில்வொர்த்தின் 1740ஆம் ஆண்டு நூலிலும், அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலின் மரபிலும் இத்தகைய அட்டவணை இடம்பெற்றது. ஒரு சொல்லுக்கு மாறாக அதே ஒலியுடைய மற்றொன்றை எழுதிவிடுவதைத் தடுப்பதே நோக்கம் என்று டில்வொர்த் வெளிப்படையாகவே அறிவித்தார்.

இந்நூல்கள் எதிர்நோக்கிய மாணவன் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவன். ஒலியும் பொருளும் அவனுக்கு வீட்டிலேயே கைவந்தவை. எழுத்து ஒன்றே குறை. இரவையும் வீரனையும் அவன் மனத்தால் ஒருபோதும் மயங்குவதில்லை. அவன் கை மட்டுமே மயங்கும். இரண்டாம் மொழியாகக் கற்பவன் நிலை இதற்கு நேர்மாறானது. பல வகுப்பறைகளில் அவன் எழுத்தை முதலிலும், பொருளைத் தாய்மொழி வழியாக அடுத்தும், ஒலியை இறுதியிலும் அடைகிறான். கண்ணால் தனித்தனியே கண்ட இரு சொற்களை ஒலியால் ஒன்றெனக் காட்டி அருகருகே நிறுத்தும்போது, அவனிடம் முன்பு இல்லாத மயக்கத்தைப் பட்டியலே உண்டாக்கிவிடக்கூடும்.

மொழியியல் நோக்கில் ஒப்பொலிச் சொற்களை ஆராய்ந்தவருள் அரசவைக் கவிஞர் இராபர்ட் பிரிட்ஜஸ் குறிப்பிடத்தக்கவர். தூய ஆங்கிலக் கழகத்தின் இரண்டாம் வெளியீடாக 1919இல் வந்த அவரது கட்டுரை 800க்கும் மேற்பட்ட தொகுதிகளைத் திரட்டித் தந்தது. ஒப்பொலி மொழிக்குத் தீங்கு என்பதும், டேனியல் ஜோன்ஸ் பதிவுசெய்த தென்னிங்கிலாந்து ஒலிப்பு அத்தீங்கைப் பெருக்குகிறது என்பதும் அவர் கருத்து. மோதல் உண்மையில் நேரும்போது மொழி தானே வழி தேடிக்கொள்ளும் என்பதைப் பிரெஞ்சு வட்டாரவழக்காய்வாளர் ஜில்யெரோன் முன்னரே காட்டியிருந்தார்: தென்மேற்குப் பிரான்சில் சேவலுக்கும் பூனைக்கும் ஒரே சொல்லாகும் நிலை வந்த பகுதிகளில், சேவலுக்கு வேறு பெயர்கள் வழக்கிற்கு வந்தன. வழக்கில் நிலைத்துவிட்ட ஒப்பொலிகளுட் பெரும்பாலானவை தொடரில் மயங்காதவை என்பதைப் பிரிட்ஜஸ் போதிய அளவு எடைபோட்டதாகத் தோன்றவில்லை.

தமிழிலக்கணம் இச்சிக்கலைத் தொடரிலிருந்தே அணுகியது. பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியம் வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என இருவகைப்படுத்துகிறது. மா பூத்தது எனின் மரம். மா ஓடியது எனின் விலங்கு. மா வீழ்ந்தது எனின் வினை உதவாது; வெளிப்படையாக விளக்கிக் கூற வேண்டும். எது தானே தெளியும், எதற்கு ஆசிரியர் துணை தேவை என்று பிரித்தறிய வகுப்பறைக்கு இவ்வளவுகோல் பொருந்தும். ஆங்கிலப் பட்டியலோ தொடரை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் நிறுத்துகிறது.

அயல்மொழி மாணவனை மையமாகக் கொண்ட மாற்றத்தின் ஒரு முக்கியக் கூறு வங்காளத்தில் தொடங்கியது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவனுக்கு முதலில் தேவைப்படுவது வாசிப்பே என 1926இல் வாதிட்டார். எத்தனை சொற்கள் என்பதோடு எந்தப் பொருளில் என்ற வினாவும் இதனால் முன்னுக்கு வந்தது. தார்ண்டைக் 1921இல் தொகுத்த 10,000 சொற்பட்டியல் சொல் வடிவத்தை எண்ணியதேயன்றிப் பொருளை எண்ணவில்லை. வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலோ ஒவ்வொரு பொருளும் எந்த விழுக்காட்டில் வழங்குகிறது என்று காட்டியது. எப்பொருளை முதலில் கற்பிப்பது, எதனை ஒத்திவைப்பது என்று முடிவுசெய்ய ஆசிரியருக்கு இவ்வாறு ஓர் ஆதாரம் கிடைத்தது.

பிற்கால ஆய்வுகள் இத்திசையை உறுதிப்படுத்தின. ஒலியாலும் வடிவாலும் நெருங்கிய சொற்கள் கற்போரிடம் மயங்குவதை லாஃபர் 1988இல் வகைப்படுத்தினார். பொருளால் நெருங்கிய சொற்களை ஒருசேரக் கற்பது கற்றலைத் தாமதப்படுத்துவதை டிங்கம் 1993, 1997ஆம் ஆண்டுகளின் சோதனைகளில் கண்டார். வாங்கும் நேஷனும் 2004இல் 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விப்புலச் சொற்பட்டியலை ஆராய்ந்தபோது, ஒப்புரு இணைகளில் பெரும்பாலும் ஒரு சொல்லே மிகுதியாக வழங்குவது புலனாயிற்று. மிகுவழக்குச் சொல்லை முதலில் ஊன்றிவிட்டு, மற்றதை உரிய வாசிப்புப் பகுதி வரும்போது அறிமுகப்படுத்துவதே தக்க முறை.

பட்டியல் எந்த ஊர் ஒலிப்பைச் சார்ந்தது என்பதும் நோக்கத்தக்கது. நீதிமன்றத்தைக் குறிக்கும் சொல்லும் 'பிடித்தான்' என்னும் பொருளுடைய சொல்லும் இலண்டன் ஒலிப்பில் ஒன்றே. ரகரத்தை ஒலிக்கும் தமிழ் மாணவனுக்கோ அவை 'கோர்ட்', 'காட்' எனத் தெளிவாக வேறு. மாறாக, திராட்சை மதுவும் திராட்சைக் கொடியும் இலண்டனில் வேறுவேறு சொற்கள். ஆங்கிலத்தின் இருவகை வகரத்தையும் ஒன்றாக ஒலிக்கும் தமிழ்நாவில் இரண்டும் 'வைன்'. அச்சிட்ட பட்டியலில் முதல் இணை இருக்கும், இரண்டாவது இராது. தமிழ் வகுப்பறைக்கு வேண்டிய பட்டியல் மாணவர் ஏடுகளிலிருந்தும் பேச்சிலிருந்தும் திரட்டப்பட வேண்டியது. ஹாஜஸ் 1643இல் வகுத்த இரண்டாம் வகைச் சொற்களே அதில் மிகுந்திருக்கும்.