அனார்கலிக்கு வவுச்சர் உண்டா?

2017 செப்டம்பர். டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடிய வளாகத்துப் பளுதூக்கும் அரங்கில் 'முகல்-ஏ-ஆசம்' நாடகம் போட்டார்கள். நாடகத்துக்கும் பளுதூக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். டிக்கெட் விலையைக் கேட்டபோது புரிந்தது. பெண்ணுக்குப் பத்து வயசு. அவள் ஆசைப்பட்டாள், தங்கமணி கண்ணைக் காட்டினார், அப்புறம் மறுபேச்சு ஏது?

1960ல் கே. ஆசிஃப் எடுத்த படம்தான் மூலம். படத்துக்குப் பணம் போட்ட ஷாபூர்ஜி பலோன்ஜி நிறுவனமே நாடகத்துக்கும் போட்டது. ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கி 2016ல் மும்பையில் முதலில் மேடையேறி, அடுத்த வருஷம் எங்கள் ஊருக்கு வந்தது. திரை விலகியதும் நான் வாயைப் பிளந்தவன்தான். தூணும் வளைவும் கண்ணெதிரே உருமாறுகின்றன. கதக் ஆடும் பெண்கள் வரிசையாகச் சுழலும்போது பாவாடைகள் குடையாக விரிகின்றன. உடைகள் மனீஷ் மல்ஹோத்ரா. வாயசைப்பு கிடையாது, நடிக்கிறவர்களே பாடுகிறார்கள். என் உருது எப்படிப்பட்டது என்று கரோல்பாக் காய்கறிக்காரருக்குத் தெரியும். நல்லவேளை, திரையில் ஆங்கிலத்தில் வசனம் ஓடியது.

சின்ன வயசில் திருச்சியில் அப்பா தோளில் உட்கார்ந்து ஆர்.எஸ். மனோகர் நாடகம் பார்த்திருக்கிறேன். 'இலங்கேஸ்வர'னில் செட் மாறும் வேகத்துக்கே கைதட்டுவார்கள். அந்த ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. ('முகல்-ஏ-ஆசம்' 1961ல் 'அக்பர்' என்ற பெயரில் தமிழில் டப்பிங் ஆகி வந்தது. நம் ஊரில் போணியாகவில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வரும்போது மெட்ரோவில் பெண் கேட்டாள்: "அப்பா, அந்த அனார்கலி நிஜமா இருந்தாளா?"

"ஆமாம்டா, சரித்திரமாச்சே" என்றேன். தூக்கக் கலக்கம்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட நோட்டை என் முன்னால் வைத்தாள். அக்பரைப் பற்றி எழுதச் சொன்னதற்கு, மகனுக்காக ஒரு நடனப்பெண்ணைச் சுவரில் வைத்துப் பூசினார் என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டிருந்தார். "நீதானே சொன்னே!" என்றாளே பார்க்கலாம். தினம் வவுச்சர் இல்லாமல் பாஸ் பண்ணாதே என்று கிளார்க்கைப் படுத்துகிற ஆள் நான்! அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். படித்தது பி.காம்., சரித்திரம் எல்லாம் அதற்கப்புறம் சொந்தச் செலவில்.

அக்பரின் ஆட்சியை வருஷவாரியாக எழுதிய அபுல் ஃபசல் அனார்கலி என்று ஒருத்தியைக் குறிப்பிடவில்லை. சலீம், அதாவது ஜஹாங்கீர், தன் நினைவுக் குறிப்புகளில் குடித்தது முதல் கொலை செய்வித்தது வரை கூச்சமில்லாமல் எழுதியவர். அவரும் சொல்லவில்லை. முதலில் சொன்னது 1611ல் லாகூரில் இருந்த வில்லியம் ஃபிஞ்ச் என்ற ஆங்கிலேய வியாபாரி. அவர் கேட்ட கதையில் அவள் நடனக்காரியே இல்லை, அக்பரின் மனைவிகளில் ஒருத்தி! ஊர்வம்பு எந்த நூற்றாண்டிலும் ஊர்வம்புதான்.

ஆனால் லாகூரில் எண்கோணக் கல்லறை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. 1599, 1615 என்று பொருள்படும் ஹிஜ்ரி ஆண்டுகளும், 'மஜ்னூன் சலீம் அக்பர்' என்ற கையொப்பமும் அதில் உண்டு. உள்ளே யார் என்பதுதான் சிக்கல். ஜஹாங்கீரின் மனைவி சாஹிப் ஜமால் என்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் அது சர்ச்சாக இருந்து, 1891ல் அரசாங்க ஆவணக் காப்பகமானது. ஆதாரமே இல்லாத பெண்ணின் பெயரில் ரெக்கார்டு ரூம்!

நாம் அறிந்த காதல் கதை 1922ல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய உருது நாடகத்திலிருந்து வந்தது. ஆக, மேடையில் ஆரம்பித்துத் திரைக்குப் போனது மறுபடி மேடைக்கு வந்திருக்கிறது. அந்தக் கண்ணாடி மாளிகை? லாகூர் கோட்டையின் ஷீஷ் மஹாலைக் கட்டியது ஷாஜஹான், 1630களில். அக்பர் 1605லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

உண்மைச் சண்டையில் பெண் இல்லை, நாற்காலிதான் இருந்தது. அப்பா 1556 முதல் அசையாமல் ஆள்கிறார். பையனுக்கு முப்பது தாண்டிவிட்டது. 1600 வாக்கில் அலகாபாத்தில் போய்த் தனி தர்பார் வைத்தார். 1602ல் தக்காணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அபுல் ஃபசலை, பீர் சிங் பந்தேலாவை ஏவிக் கொன்றார். அப்பாவின் உயிர் நண்பரை! இதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். கடைசியில் வீட்டுப் பெரிய பெண்மணி சலீமா பேகம் நடுவில் நின்று சமாதானம் பேசினார். மற்ற இரண்டு மகன்களும் குடியால் அப்பாவுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அக்பருக்கு மிஞ்சியது இந்த ஒருவர்தான். இதை யாராவது மேடையேற்றினால் நானே முதல் டிக்கெட் வாங்குவேன், விலை கேட்காமல் (தங்கமணி கவனிக்கவும்).

என்னடா, கைதட்டிவிட்டு வந்து குறை சொல்கிறானே என்பீர்கள். இல்லைங்க. அந்தப் பாட்டை இன்னொரு தரம் கேட்க இன்றைக்கும் போவேன். என் வருத்தமெல்லாம் அந்த "ஆமாம்டா"வில்தான்.

பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். காலேஜில் ஹிஸ்டரி எடுக்கப் போகிறேன் என்கிறாள். காமர்ஸ் படித்தால் வேலை நிச்சயம் என்று நானும், அது உன் அப்பா உனக்குச் சொன்னது என்று அவளும், ஒரு மாசமாகப் பேச்சு சரியில்லை. போன குளிர்காலத்தில் ஆக்ரா பக்கம் சிகந்திராவில் இருக்கும் அக்பர் சமாதிக்குக் கூட்டிப் போனேன். 1608ல் ஜஹாங்கீர் பார்க்க வந்து, வேலை பிடிக்காமல் இடித்துக் கட்டச் சொன்ன கட்டடம். முதலில் ஏன் கவனிக்கவில்லை என்றால், பட்டம் ஏறிய மறுவருஷமே சொந்த மகன் குஸ்ரோ அவருக்கு எதிராகக் கிளம்பிவிட்டான்.

வாசலில் நின்று பாரசீக எழுத்துகளை அண்ணாந்து பார்த்தாள்.

"1613ல முடிச்சான்னு இதுல இருக்காப்பா?"

"இருக்கு."

"நிச்சயமா? இல்ல மெட்ரோல சொன்ன மாதிரியா?"

நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன். வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தவள், அந்தப் பக்கத்தோடு நிறுத்தவில்லை. கேட் மூடும்வரை நானும் எழுப்பவில்லை.