முள்ளும் டியூபும்

நம் கீழ்த்தள நிறுத்தத்தில் கியர் வைத்த மவுண்டன் சைக்கிள்கள் பெருகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். ஞாயிறு காலை மூலனூர் பக்கமோ காங்கயம் பக்கமோ போகிற பிள்ளைகள் வெயிலேறியபின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்புவதும் புதிதல்ல. கொறங்காட்டு ஓரம் போனால் அப்படித்தான். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள். அந்த மரத்தின் காய் ஆடு மாட்டுக்கு நல்ல தீனி. அதன் முள் டயருக்கு எமன். போதாக்குறைக்குச் சீமைக்கருவேலமும் நெருஞ்சியும். "டியூப்லெஸ் ஆக்கிவிடலாமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் டன்லப் அல்ல. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே பெற்றுவிட்டார். அப்போது சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. குதிரை வண்டிக்காகச் செய்தது. உலகம் மறந்துவிட்டது. 1887ல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்கு ரப்பர் குழாயைச் சுற்றிக் காற்றடைத்தார். 1888ல் காப்புரிமையும் கிடைத்தது. பிறகுதான் தாம்சனின் பழைய காகிதம் வெளிவந்து டன்லப்பின் உரிமை செல்லாது என்றானது. ஆனால் பெயர் அவருக்கே நின்றது. வங்கியில் பத்திரங்களோடு காலம் தள்ளிய எனக்கு, முந்தைய வில்லங்கத்தைப் பார்க்காமல் எழுதிய கிரயப் பத்திரம் போலத் தோன்றும்.

அந்த முதல் டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டவை. பஞ்சரானால் ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்ட மணிக்கணக்காகும். 1891ல் பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் அதைப் பூட்டிய சார்ல் தெரோன் ஜெயித்ததும், உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தொட்டித் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன் என்று நம் பஞ்சர் கடை நடப்பதே கழற்ற முடிகிற டயரால்தான்.

இனி டியூப் இல்லாத டயர். அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் கம்பெனியின் ஃபிராங்க் ஹெர்செக் 1946ல் விண்ணப்பித்து 1952ல் காப்புரிமை பெற்றார். 1955க்குள் அங்கே புதுக் கார்களுக்கு அதுவே வழக்கமானது. சைக்கிளுக்கு மட்டும் ஏன் இன்னும் நாற்பது வருஷம் ஆனது? போக்ஸ் கம்பிதான் காரணம். கம்பி நுழைய ரிம்மில் முப்பதுக்கு மேல் ஓட்டை. டியூப் இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் காற்று போகும். கம்பிச் சக்கர புல்லட் பெரும்பாலும் டியூபோடு ஓடுவதும், அலாய் சக்கர பைக்குகள் டியூப்லெஸ் ஆனதும் இதனால்தான்.

1999ல் பிரான்சின் மாவிக் கம்பெனி, மிஷ்லின், ஹட்சின்சன் கம்பெனிகளுடன் சேர்ந்து, உள்பக்கம் ஓட்டையே இல்லாத ரிம்மைக் கொண்டுவந்தது. நல்ல சரக்குதான், ஆனால் புது ரிம், புது டயர் இரண்டுமே வாங்க வேண்டும். 2001 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான் கோசியாடெக் வேறு வழி பிடித்தார். இருக்கிற ரிம்மின் ஓட்டைகளை டேப்பால் மூடு, தனி வால்வு வை, டயருக்குள் சீலண்ட் திரவம் ஊற்று. இன்று கடையில் செய்து தருவது பெரும்பாலும் இந்த முறைதான்.

சீலண்டின் சூட்சுமம் நம் கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. பால் வெட்டினதும் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். பல சீலண்ட்களும் அதே ரப்பர் பால்தான். முள் குத்திய துளையில் காற்று பீறிடும்போது பாலிலுள்ள ரப்பர் துகள்கள் அங்கே திரண்டு அடைத்துக்கொள்கின்றன. நெருஞ்சி, கருவேல முள்ளுக்கு இது போதும். கண்ணாடி டயரைக் கிழித்தால் போதாது.

எதை வாங்குவது? ஸ்கூட்டருக்கு விற்கும் நார் கலந்த கிளைக்கால் வகை சீக்கிரம் காயாது. ஆனால் மெல்லிய சைக்கிள் டயருக்கு ரப்பர் பால் வகையே சுறுசுறுப்பு. அம்மோனியா அதிகமானால் அலுமினிய ரிம்மை நாளடைவில் அரிக்கக்கூடும், குறைந்ததைக் கேளுங்கள். 29 அங்குல டயருக்கு 100 மில்லி அளவு. நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வால்வைக் கழற்றிக் குச்சி விட்டு ஈரம் பாருங்கள். காயவிட்டுவிட்டு முள்ளில் ஏற்றினால் செலவு செய்த காசு வீண்.

அரசு பள்ளியில் கொடுக்கும் சைக்கிளையோ பழைய ஹெர்குலிஸையோ மாற்ற வேண்டாம். அந்த ரிம் இதற்கு ஏற்றதல்ல. பஞ்சர் கடை அண்ணன் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார். மாற்றியவர்களும் பையில் ஒரு டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் லீவர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். டியூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தைத் தடவி முள்ளைப் பிடுங்கிவிடுங்கள். சீலண்ட் மூடியிருந்தாலும் முள் உள்ளேயேதான் நிற்கும். புது டியூபையும் குத்திவிடும்.